ரொட்டிக்கு வரி, எதிர்த்தால் குண்டு!

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் சர்க்கார் 2024-ல் ஒரு நிதி மசோதா கொண்டுவந்தது. ஜனங்களிடமிருந்து மேலும் 34,600 கோடி ஷில்லிங் கறப்பதே அதன் நோக்கம். ஏழைகள் தின்னும் ரொட்டிக்கு 16 சதவீத வரி. சமையல் எண்ணெய்க்கு 25 சதவீதம். எதிர்ப்புக் கிளம்பியதும் ஜூன் 18-ல் இவ்விரண்டையும் கைவிட்டார்கள். மற்ற வரிகள் பலவற்றை விடவில்லை.

யாருக்காக இந்த வரி? நாட்டின் வரிப்பணத்தில் பாதிக்கு மேல் கடனுக்கே போகிறது என்று ஜனாதிபதி ரூட்டோவே ஒப்புக்கொண்டார். வருமானத்தைப் பெருக்கு என்று சர்வதேச நாணய நிதி வற்புறுத்தி வந்தது. கடன் வாங்கியது ஆளும் கூட்டம். வட்டி கட்டுவது அடுப்பெரிய வழியில்லாத குடும்பம்!

ஜூன் 25 அன்று நைரோபி பார்லிமெண்டில் மசோதாவுக்கு ஆதரவாக 195 பேரும் எதிராக 106 பேரும் வாக்களித்தனர். வெளியே திரண்டிருந்த இளைஞர்கள் பார்லிமெண்டுக்குள் புகுந்தனர். போலீஸ் சுட்டது. ராணுவமும் வரவழைக்கப்பட்டது. கட்டடத்தின் ஒரு பகுதியில் தீ வைக்கப்பட்டது உண்மைதான்; தீ வைப்பதை நாம் மெச்சவில்லை. ஆனால் கருகிய சுவரைப் படம் பிடித்துப் போட்டுப் புலம்பிய கனவான்கள், தெருவில் கிடந்த பிணங்களுக்காக அவ்வளவு புலம்பினார்களா?

மறுநாளே ரூட்டோ மசோதாவில் கையெழுத்திட மறுத்தார். 195 அங்கத்தினர்கள் தூக்கிய கையைத் தெருவில் நின்ற மக்கள் இறக்க வைத்தார்கள். இது மகத்தான வெற்றி. ஆனால் அதற்குக் கொடுத்த விலையோ கொடியது. அந்நாட்டு அரசியல் சட்டப்படி அமைந்த மனித உரிமைக் கமிஷன், ஜூலை முதல் தேதிக்குள் 39 பேர் மாண்டதாகக் கணக்கிட்டது. பின்னர் அந்தத் தொகை 60-ஐத் தாண்டியது. அத்தோடு நிற்கவில்லை. சாதாரண உடையில் வந்தவர்கள் இளைஞர்களைக் காரில் தூக்கிச் சென்றார்கள். அவ்வருஷ முடிவுக்குள் இப்படிக் கடத்தப்பட்டோர் 82 பேர் என்கிறது அதே கமிஷன்.

2025 ஜூனில், 31 வயது ஆசிரியர் ஒருவர் உயர் போலீஸ் அதிகாரியை விமர்சித்தார் என்று கைது செய்யப்பட்டார். சொந்த ஊர்ப் பக்கத்திலிருந்து நைரோபிக்குக் கொண்டுவரப்பட்டு லாக்கப்பில் பிணமானார். தானே சுவரில் தலையை மோதிக்கொண்டார் என்றது போலீஸ். பிரேதப் பரிசோதனை அதைப் பொய்யாக்கிற்று. மக்கள் கொதித்தெழுந்த பிறகுதான் சில போலீஸார் மீது கொலை வழக்கு வந்தது.

அதே ஜூன் 25-ல், முதலாண்டு நினைவு ஊர்வலங்களில் குறைந்தது 16 பேர் மாண்டனர். ஜூலை 7-ல் மேலும் 31 பேர் என்று மறுநாளே கமிஷன் அறிவித்தது. இரண்டு நாள் கழித்து ரூட்டோ பேசினார்: சொத்துக்களைக் கொளுத்துவோரைக் கொல்ல வேண்டாம், காலில் சுடுங்கள் என்றார். என்ன தயாள குணம்! கைதான பலர் மீது பயங்கரவாதக் குற்றம் சாட்டப்பட்டது.

இந்த வித்தையை இவர்கள் யாரிடம் கற்றார்கள்? 1952-ல் பிரிட்டிஷார் அங்கே அவசர நிலை பிரகடனம் செய்து, நிலம் கேட்ட விவசாயிகளை முகாம்களில் அடைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தூக்கிலிட்டார்கள். 1963-ல் கொடி மாறியது. ஆனால் ஊர்வலம் என்றால் துப்பாக்கியைத் தூக்கும் வெள்ளைக்காரன் போலீஸ் புத்தி போகவில்லை. 2010-ல் இயற்றிய அரசியல் சட்டத்தின் 37-வது ஷரத்து, ஆயுதமின்றிக் கூடவும் ஊர்வலம் போகவும் மறியல் செய்யவும் உரிமை தருகிறது. ஏட்டில் தந்த உரிமையை ரோட்டில் சுட்டுக் கொல்கிறார்கள்.

சுடும்படி உத்தரவிட்டவர் எவராயினும் கோர்ட்டில் நிறுத்தப்பட வேண்டும். மாண்டவர் குடும்பங்களுக்கும் ஊனமுற்றோருக்கும் நஷ்ட ஈடு வேண்டும். ஊர்வலம் போனதற்காகப் போட்ட பயங்கரவாத வழக்குகளில் எஞ்சியிருப்பவை அனைத்தும் வாபஸாக வேண்டும். கென்யாவின் தொழிலாளிகளும் விவசாயிகளும் மாணவர்களும் எழுப்பும் இந்தக் கோரிக்கைகளை நாம் முழு மனதோடு ஆதரிக்கிறோம். ஒவ்வொரு சங்கத்திலும் கிளையிலும் இவற்றை விவாதித்துக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றுமாறு தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.