தெருமுனைக் கொன்றை எப்போது பூக்கும்?

சென்ற சித்திரை விஷுவன்று நாகர்கோவிலிலிருந்து தொலைபேசியில் பேசிய ஆச்சி, "கனி காணக் கொன்றைப் பூ வைத்தீர்களா?" என்று கேட்டார். என் மகள் தெருமுனைக் கொன்றையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "அப்பா, ஒரு பூகூட இல்லையே! இங்கே எப்போ பூக்கும்?" என்றாள். நான் தில்லிக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தினமும் அந்த மரத்தடியில்தான் பேருந்துக்கு நிற்கிறேன். ஆனாலும் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்போதுதான் எப்போதோ படித்த ஜப்பானியரின் பஞ்சாங்கம் நினைவுக்கு வந்தது. நாம் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தோம். அவர்களோ 24 பருவங்களாக்கி, ஒவ்வொன்றையும் மூன்றாகப் பிரித்து, 72 குறும்பருவங்கள் வைத்திருக்கிறார்கள். ஒரு குறும்பருவம் ஏறத்தாழ ஐந்து நாள். பெயர்களைக் கேளுங்கள்: பிப்ரவரித் தொடக்கத்தில் 'கீழைக்காற்று பனிக்கட்டியை உருக்குகிறது', ஏப்ரலில் 'தகைவிலான் குருவிகள் வருகின்றன', செப்டம்பரில் 'தகைவிலான்கள் விடைபெறுகின்றன'.

இம்முறை அவர்களுடைய சொந்தச் சரக்கன்று, சீனத்திலிருந்து வந்தது. 862 முதல் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரே சீனப் பஞ்சாங்கத்தைத்தான் பின்பற்றினார்கள். ஷிபுகவா ஷுன்காய் என்ற வானியலாளர் ஜப்பானுக்கென்றே கணித்த பஞ்சாங்கம் 1685இல் நடைமுறைக்கு வந்தது. குறும்பருவங்களும் அந்நாட்டு இயற்கைக்கேற்பத் திருத்தப்பட்டன. சீனப் பட்டியலில் 'பருந்து புறாவாக மாறுகிறது' என்றிருந்த இடத்தில், இன்றைய ஜப்பானியப் பட்டியலில் 'கீரைப்புழு வண்ணத்துப்பூச்சியாகிறது' என்று இருக்கிறது. இரவல் பஞ்சாங்கத்தைத் தூக்கி எறியவில்லை. தங்கள் மண்ணைப் பார்த்துத் திருத்திக்கொண்டார்கள்.

ஹைக்கூவும் இப்பழக்கத்தைச் சார்ந்ததே. 17 அசைகளுக்குள் பருவத்தைக் காட்டும் ஒரு சொல் இருக்க வேண்டும் என்பது மரபு. அத்தகைய சொற்களைப் பருவவாரியாகத் தொகுத்த நூலுக்கு 'சாய்ஜிக்கி' என்று பெயர். பாரதியார் 1916இலேயே இக்கவிதையைப் பற்றி நமக்கு எழுதினார். நாம் மூன்று வரியை எடுத்துக்கொண்டோம். பருவச்சொல்லைப் பெரும்பாலும் விட்டுவிட்டோம் என்பது என் கருத்து. அதை எழுத வேண்டுமானால் முதலில் வாசலுக்கு வெளியே வந்து பார்க்க வேண்டுமல்லவா?

பார்க்கத் தவறினால் பெயர்தான் மிஞ்சும். ஜப்பானிய வானிலைத் துறை 1953 முதல் நாடெங்கும் முதல் தகைவிலான், முதல் சில்வண்டுக் குரல் என்று குறித்துவந்தது. நகரங்களைச் சுற்றி அவற்றைக் காண்பதே அரிதாகிவிட்டதால், 2021 முதல் விலங்கு, பறவை, பூச்சிகளைக் கவனிப்பதை அடியோடு நிறுத்திவிட்டு, ஆறு தாவரங்களை மட்டும் வைத்துக்கொண்டது.

நம் நிலைமையும் யோசிக்கத்தக்கது. ஊரிலிருந்து வரும் நாட்காட்டியின் தாளைத் தினமும் கிழிக்கிறோம். ஆடிக்காற்று, மார்கழிப்பனி என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அது அவசியந்தான். ஆனால் அவர்கள் வளரும் தெருவின் பருவத்தைச் சொல்லித்தர நமக்குத் தெரியவில்லை. ஊரும் கண்ணால் கண்டதில்லை, இந்த ஊரும் கண்ணில் படவில்லை என்றால், அவர்களுக்கு எந்த மண்தான் சொந்தம்?

என் மகள் ஒரு நோட்டுப் போட்டாள். மே மாதப் பிற்பகுதியில் 'தெருமுனைக் கொன்றை மஞ்சளானது' என்று தேதியுடன் எழுதிவிட்டு, ஆச்சியைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னாள். பிப்ரவரிக் கடைசியில் 'இலவ மரம் சிவந்தது' என்பது அண்மைக் குறிப்பு. எல்லாம் தமிழில்.

நம் இதழில் மாதம் அரைப்பக்கம் இத்தகைய குறிப்புகளுக்கு ஒதுக்கலாமே! கவிதையாக இருக்க வேண்டியதில்லை. தேதியும், இடமும், கண்ட காட்சியும் போதும்.