காந்தமும் காற்றும்

சென்ற வாரம் மாணவர்களைப் பெரம்பலூருக்கு அருகிலுள்ள சாத்தனூருக்கு அழைத்துச் சென்றேன். கல்லாய்ச் சமைந்த பெருமரத்தைப் பார்த்து நின்ற ஒரு பையன், "பூமியின் காந்தத் துருவங்கள் இடம் மாறினால் காற்றெல்லாம் பறந்துவிடுமாமே, ஸார்?" என்றான்.

அவன் பயம் முற்றும் ஆதாரமற்றதன்று. சூரியனிலிருந்து ஓயாது பாயும் மின்துகள்களைப் பூமியின் காந்தப் புலமே பெரும்பாலும் விலக்கிவிடுகிறது. துருவங்கள் மாறுங்கால் அக்கவசம் நலிகிறது. துகள்கள் மேல் வாயுமண்டலத்தில் புகுந்து நைட்ரஜன் ஆக்ஸைடுகளை உண்டாக்குகின்றன. அவை ஓஸோனைக் குறைக்கின்றன. ஆயினும் காற்றைப் பிடித்து வைத்திருப்பது பூமியின் ஈர்ப்பு சக்தியேயாம்.

இம்மரமும் அரியலூர்ப் பாறைகளில் புதைந்த கடற்சிப்பிகளும் உயிரோடிருந்த கிரெட்டேஷியஸ் யுகத்தில், சுமார் 4 கோடி ஆண்டுகள் துருவங்கள் மாறவேயில்லை. அதன் பின்னர் நூறு தடவைக்கு மேல் மாறிவிட்டன. கடைசி மாற்றம் நிகழ்ந்து ஏறக்குறைய 7,80,000 ஆண்டுகள் ஆகின்றன. காற்று எங்கும் போய்விடவில்லை.

"தம்பி, நம் காலத்தில் ஓஸோனைச் சிதைத்தது காந்தமன்று, மனிதன் செய்த குளிர்பதன வாயுக்கள்தாம். அவற்றை நிறுத்த 1987-ல் மான்ட்ரீல் நகரில் உடன்படிக்கை செய்தார்கள், ஓஸோன் மெல்லத் தேறி வருகிறது" என்றேன். பையன் முகம் தெளிந்தது.