பேட்ஜ் இல்லாதவருக்குக் கயிற்றுக்குள் என்ன வேலை?

கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் மூச்சுத் திணறிச் செத்தால் உடலாவது மிஞ்சுகிறது. அதை வைத்து மறியல் செய்யலாம், வழக்குப் போடலாம். கதிர்வீச்சில் சாகிறவருக்கு அதுவும் கிடையாது. அதற்கு வாசனை இல்லை, படும்போது வலியும் இல்லை. தோல் சிவந்து கொப்புளிக்க நாட்களோ வாரங்களோ ஆகும். புற்றுநோய் என்றால் பல ஆண்டுகள். அதற்குள் சைட் முடிந்திருக்கும், ஒப்பந்தக்காரர் மாறியிருப்பார், வருகைப் பதிவேடு பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும்.

பாய்லர், குழாய் ஆகியவற்றின் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் படம்தான் ரேடியோகிராபி. வேலையிடத்தில் அதை 'ஆர்.டி.' என்பார்கள். 'கேமரா' எனப்படும் கனத்த பெட்டிக்குள் சில மில்லிமீட்டர் அளவே உள்ள இரிடியம்-192 மூலம் இருக்கும். கேபிளைச் சுற்றி அதை வெளியே தள்ளி, ஃபிலிமில் படம் விழுந்ததும் உள்ளே இழுக்க வேண்டும். சான்றிதழ் பெற்ற ரேடியோகிராபர் ஒருவர் இருப்பார். பெட்டியைத் தூக்க, ஃபிலிம் ஒட்ட, கயிறு கட்ட ஓர் உதவியாளர் இருப்பார். முதலாமவர் சட்டையில் டி.எல்.டி. பேட்ஜ் இருக்கும். இரண்டாமவர் சட்டையில்? அவர் எந்தத் தெருவிலிருந்து கூட்டிவரப்படுகிறார் என்பதைத் தொழிற்பேட்டைப் பக்கம் வாழ்கிறவர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

கேட்டால், "அவர் கதிர்வீச்சுத் தொழிலாளி இல்லை, ஹெல்பர்தான்" என்பார்கள். நல்லது, அந்தப் பதிலையே பிடித்துக்கொள்வோம். கதிர்வீச்சுத் தொழிலாளிக்கு இந்தியாவில் உள்ள உச்சவரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் மட்டுமே. கவசமில்லாத 40 கியூரி இரிடியத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால், தொழிலாளியின் ஆண்டு அளவு சுமார் ஆறே நிமிடத்தில் தீரும். பொதுமக்களின் ஆண்டு அளவு சுமார் 20 நொடியில் தீரும். ஹெல்பர் தொழிலாளி இல்லையென்றால் அவர் பொதுமக்களில் ஒருவர். அவரைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்துங்கள். உள்ளே வேலை வாங்குவீர்கள் என்றால் பேட்ஜும் பயிற்சியும் கொடுங்கள். வேலைக்கு உள்ளே, பதிவேட்டுக்கு வெளியே என்றால் அதற்குப் பெயர் தீண்டாமை.

இதனால் என்ன ஆகும் என்பதை உலகம் பார்த்திருக்கிறது. 1999-இல் பெரு நாட்டின் யனாங்கோ நீர்மின் நிலையத்தில், கழன்று கிடந்த இரிடியம் மூலத்தை ஒரு வெல்டர் எடுத்துக் கால்சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கும் கொண்டுபோனார். பின்னர் அவருடைய காலை வெட்ட வேண்டியதாயிற்று. 1984-இல் மொராக்கோவின் முகமதியாவில் இப்படி வீட்டுக்குப் போன ஒரு மூலம் எட்டுப் பேரைக் கொன்றது. 2000-இல் எகிப்தின் மீத் ஹல்ஃபாவில் ஒரு விவசாயியும் அவருடைய மகனும் செத்தார்கள். நம் நாட்டில் 2010-இல், டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற பழைய கருவியின் கோபால்ட்-60 மாயாபுரி காயலான் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது, ஒருவர் இறந்தார். அது என்னவென்று படித்தவர்களுக்குத் தெரியும். கையில் எடுத்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே நாமே சொல்லிக்கொள்வோம். ஹெல்பராகப் போகும் தம்பிகளே, கவனியுங்கள்.

பேட்ஜ் கவசம் அல்ல. வாங்கிய அளவைப் பின்னால் சொல்லும் கணக்கு மட்டுமே. அந்த நேரத்தில் உயிரைக் காப்பது சர்வே மீட்டர். ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் மீட்டரைக் கையில் பிடித்தபடிதான் கேமராவையும் குழாயையும் நெருங்க வேண்டும். கேபிளைச் சுற்றிவிட்டதாலேயே மூலம் உள்ளே வந்துவிட்டது என்று நம்பாதீர்கள். மீட்டர் இல்லாத இடத்தில் ஷாட் கிடையாது.

தூரம்தான் பெரிய பாதுகாப்பு. இரண்டு மடங்கு தள்ளிப் போனால் கதிர்வீச்சு நான்கில் ஒன்றாகக் குறையும். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையின் ஈய ஏப்ரனைக் கொடுத்து "போட்டுக்கொள், ஒன்றும் ஆகாது" என்றால் நம்பாதீர்கள். அதில் இருப்பது அரை மில்லிமீட்டர் ஈயம். இரிடியத்தின் கதிரைப் பாதியாகக் குறைக்கவே ஐந்தாறு மில்லிமீட்டர் வேண்டும். தரையில் சின்ன உலோகத் துண்டு, சங்கிலி போல ஏதாவது கிடந்தால் தொடாதீர்கள். விலகிப் போய், மற்றவர்களையும் விலக்கிவிட்டு, பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிடுங்கள்.

2004-ஆம் ஆண்டின் அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகளின்படி, தொழிலாளியின் டோஸ் பதிவை ஆண்டுதோறும், அவர் கேட்கும்போதும், வேலையை விட்டு நிற்கும்போதும் முதலாளி கொடுக்க வேண்டும். இது சலுகை அல்ல, உரிமை. கதிர்வீச்சால் வரும் நோய்களுக்கு இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இடம் உண்டு. ஆனால் நாளை நீதிமன்றத்தில், "நீ எவ்வளவு வாங்கினாய்?" என்று கேட்டால் காட்டக் காகிதம் வேண்டுமே! பேட்ஜ் தராதவர்கள் மிச்சம் பிடிப்பது பேட்ஜின் விலையை மட்டுமல்ல. நாம் போடப்போகும் வழக்கையும் சேர்த்துத்தான்.

1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். வேலையிடத்துப் பாதுகாப்பு நம் இயக்கத்துக்கு வெளியே உள்ள பொருள் அல்ல. தொழிற்சங்கங்களையும் கேட்கிறோம்: உங்கள் கோரிக்கைப் பட்டியலில் போனஸ் இருக்கிறது, கேன்டீன் இருக்கிறது. ஒப்பந்த ஹெல்பரின் டோஸ் பதிவு எந்த வரிசையில் இருக்கிறது?

கயிற்றுக்குள் கால் வைக்கும் ஒவ்வொருவருக்கும் பயிற்சி, பேட்ஜ், டோஸ் பதிவு. இதில் ஒன்று குறைந்தாலும் அந்த ஷாட் எடுக்கப்படக் கூடாது. வெல்டிங்கில் விரிசல் விழுந்தால் படம் பிடித்துப் பத்திரப்படுத்துகிறவர்களே, மனிதனுக்கும் ஒரு பதிவு வையுங்கள்.

ஜெய்பீம்.