பெயர் கேட்காத ஆய்வு

தஞ்சாவூர் ஓவியம், தஞ்சாவூர் தட்டு என்று ஆய்வுக்கு வருகிறவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். தட்டில் வெள்ளித்தகடு பதித்த கம்மாளர் யார்? படம் தீட்டிய ராஜு யார்? கேட்கட்டும். ஆனால் தீட்டப்பட்டவன் பெயரை யாரய்யா கேட்டீர்கள்?

சரபோஜி (ஆட்சி 1798–1832) காலத்தையொட்டி, தஞ்சை ஓவியர்கள் வெள்ளைக்காரர்களுக்காகச் சாதிவாரியாகப் புருஷன் பெண்டாட்டி ஜோடிகளை வரைந்து கொடுத்தார்கள். லண்டன் மியூசியங்களில் இருக்கின்றன. கையில் தொழில் கருவி, கூடவே சாதி. ராஜாவுக்கு முகமுண்டு, பேருண்டு. நம்ம பாட்டன் பாட்டிக்குச் சாதிதான் பேரு.

"ஆவணம் இல்லையே தோழர்" என்றார் ஓர் ஆய்வாளர். ஆவணமா இல்லை? பெரியகோயில் கல்வெட்டைப் படியுங்கள். ராஜராஜன் கொடுத்த வெள்ளிக் கலங்களை 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லால் நிறுத்து, நிறையை வெட்டியிருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்குப் பெயர் இருக்கிறது. வரவேண்டிய நெல்லுக்கும் கலம், தூணி, குறுணி என்று கணக்கு. பறைச்சேரியும் வருகிறது, வரி கழித்த நிலக் கணக்கில், கம்மாணச்சேரிக்கும் சுடுகாட்டுக்கும் பக்கத்தில். அளந்த நெல்லு இருக்கு, அறுத்தவன் பேரு இல்ல. (கம்மாளனும் நமக்குப் பக்கத்துச் சேரிதான். எந்தத் தட்டு ஆய்வு இதைச் சொல்லுது?)

தமிழ் எம்.ஏ. படிக்கிற தம்பி தங்கைகளே, வெள்ளி மயிலுக்கு எத்தனை இறகு என்று ஆய்வேடு எழுதினது போதும். அந்த ஜோடிப் படங்களை எடுத்துக்கிட்டு சேரிக்குப் போங்க. கிழவிகளிடம் காட்டுங்க. அவங்க சொல்றத அப்படியே எழுதுங்க.