பளபளப்பு கடைசியில்தான்!



மகள் பிரசவத்துக்காக அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்குப் போயிருக்கும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பேரன் பிறந்து ஐந்து வாரம். தாயும் சேயும் சுகம். ஆனால் மாப்பிள்ளைக்கு ஒரு விநோதப் பொழுதுபோக்காம். எங்கே பழைய வாக்குவம் கிளீனர் கிடைத்தாலும் வாங்கி வந்து, வீட்டுக்கு அடியில் இருக்கும் அறையில் பிரித்துப் போட்டுத் தேய்த்து மெருகேற்றுகிறாராம். தேய்த்த கையோடு வந்து குழந்தையைத் தூக்குகிறாராம். "சொன்னால் மாப்பிள்ளை தப்பாக எடுத்துக்கொள்வாரோ? சொல்லாமல் இருந்தால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமோ?" என்று தவிக்கிறார்.

முதலில் ஒன்று சொல்லி விடுகிறேன். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைக்காதீர்கள் அம்மா. தபால் தலை, நாணயம் சேர்ப்பது மாதிரி அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இதைச் சேர்ப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. அம்மா பெருக்கிய மெஷினின் சத்தத்தை மறுபடி கேட்க வேண்டும் என்றே தேடி வாங்குகிறவர்களும் உண்டு. அதுவும் உங்கள் மாப்பிள்ளை இருப்பது இந்த மெஷினின் பிறந்த வீட்டில்!

1901-ல் லண்டனில் ஹ்யூபர்ட் செசில் பூத் என்ற என்ஜினீயர்தான் தூசியை ஊதித் தள்ளாமல் உறிஞ்சி எடுக்கும் பெரிய மெஷினைச் செய்தார். ஓட்டல் நாற்காலி மெத்தையில் கைக்குட்டையைப் போட்டு, வாயாலேயே உறிஞ்சிப் பார்த்துத்தான் அவருக்கு நம்பிக்கை வந்ததாம்! மெஷினைக் குதிரை இழுத்து வரும். அது தெருவிலேயே நிற்கும். நீள நீளமான குழாய்களை ஜன்னல் வழியாக உள்ளே விட்டுக் கம்பளங்களைச் சுத்தம் செய்வார்கள். 1902-ல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் விரித்த கம்பளத்தைச் சுத்தம் செய்ததும் இதுதான்.

அதைக் கைக்கு அடக்கமாக்கியவர் ஒஹையோவின் கேன்டன் ஊரில் ஒரு கடையில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்க்ளர். அவருக்கு ஆஸ்துமா. கம்பளம் பெருக்கும்போது கிளம்பும் தூசியில் இருமி இருமித் துவண்டு போவாராம். 1907-ல் ஒரு விளக்குமாற்றுக் கட்டை, ஒரு தலையணை உறை, ஒரு சின்ன மின்சார மோட்டார் இவற்றை வைத்து ஒரு மெஷினைக் கட்டிவிட்டார். 1908-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அதை வாங்கிப் பயன்படுத்திய பெண்களில் ஒருவர் சூசன் ஹூவர். அவருக்குப் பிடித்துப் போனதால், தோல் சாமான் தொழில் செய்துவந்த கணவர் வில்லியம் ஹூவர் உரிமையை வாங்கிக்கொண்டார். பின்னால் இங்கிலாந்தில் வீடு பெருக்குவதற்கே "ஹூவர் பண்ணுவது" என்று பெயர் வந்துவிட்டது.

பார்த்தீர்களா? தூசியால் மூச்சுத் திணறிய ஒரு மனிதர் கண்டுபிடித்த சாமான் இது. அதைப் புதுப்பிக்கிறேன் என்று வீட்டில் தூசியைப் பரப்பினால் எப்படி?

பழைய மெஷினில் ஆபத்து வெளியே தெரிகிற துருவில் இல்லை. உள்ளே இருக்கிறது. துணிப் பையிலும் ஃபெல்ட்டிலும் மோட்டாரின் மூலை முடுக்கிலும் யாரோ ஒருவர் வீட்டின் பல வருஷத்துத் தூசி உறைந்து கிடக்கும். அமெரிக்காவில் 1978-ல்தான் வீடுகளுக்கு ஈயம் கலந்த பெயின்ட் அடிப்பதைத் தடை செய்தார்கள். அதற்கு முந்திய வீடுகளில் சுவரும் ஜன்னலும் உதிர்த்த பெயின்ட் தூளை எல்லாம் இந்த மெஷின்கள்தானே விழுங்கியிருக்கும்? பச்சைக் குழந்தைக்கு ஈயம் கொஞ்சம் உள்ளே போனாலும் கெடுதல். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதனால்தான் உங்கள் பயம் வீண் பயம் இல்லை என்கிறேன்.

மாப்பிள்ளையிடம் "இதை விட்டுவிடுங்கள்" என்று சொல்ல வேண்டாம். கீழ்க்கண்ட முறையை மகளிடம் சொல்லி, அவள் மூலமாகச் சொல்லுங்கள். நல்ல சேகரிப்பாளர்கள் செய்கிற முறையும் இதுதான்.

முதல் வேலை, பை. மெஷினை வீட்டுக்குள் பிரிக்கவே கூடாது. வெளியில், காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத இடத்தில் வைத்துத் திறக்க வேண்டும். சாதாரணத் துணி மாஸ்க் போதாது. என்-95 மாஸ்க் போட வேண்டும். தூசியைத் தட்டக் கூடாது. லேசாகத் தண்ணீர் தெளித்து நனைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டிவிட வேண்டும். உலோகப் பாகங்களை ஈரத் துணியால் துடைக்கலாம். வேலைக்கென்று தனிச் சட்டை, தனிச் செருப்பு. சட்டையைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. சோப்புப் போட்டுக் கையும் முகமும் கழுவி, உடை மாற்றின பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

இரண்டாவது, ஒயர். வாங்கி வந்ததும் ஆசையாக பிளக்கில் சொருகிப் பார்ப்பதுதான் பெரிய தப்பு. பழைய ஒயரின் ரப்பர் உலர்ந்து, மடக்கினால் முறுக்கு மாதிரி நொறுங்கும். அந்தக் காலத்து மெஷின்கள் பலவற்றில் இரண்டு கம்பி ஒயர்தான், எர்த் கிடையாது. உடம்போ உலோகம். உள்ளே ஓர் இடத்தில் கசிந்தால் கைப்பிடியிலேயே ஷாக் அடிக்கும். முழு ஒயரையும் மாற்றி, தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் காட்டிய பிறகே ஓட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே வெள்ளையாகப் பஞ்சு மாதிரியோ அட்டை மாதிரியோ ஏதாவது சுற்றியிருந்தால் தொட வேண்டாம். அது கல்நாராக இருக்கலாம்.

மூன்றாவது, மோட்டார். இது நமக்குப் புரியாத வித்தை இல்லை. நம் மிக்ஸியில் ஓடுவதும் இதே ஜாதி மோட்டார்தான். மிக்ஸியில் கார்பன் தேய்ந்தால் நெருப்புப் பொறி பறக்குமே, அதேதான் இங்கேயும். கார்பனை மாற்றி, பேரிங்கில் கெட்டியாகிப்போன பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது வைத்து, தளர்ந்த ரப்பர் பெல்ட்டை மாற்றினால் பாதி மெஷின்கள் உயிர் பெற்றுவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் மெருகு. 1920-களின் ஹூவர் மெஷின்களில் உடம்பு அலுமினியம். நம் அலுமினியப் பாத்திரத்துக்குச் சொல்கிற பக்குவமே இதற்கும். சலவை சோடா பட்டால் கறுத்துவிடும், கூடவே கூடாது. சோப்புத் தண்ணீரில் துடைத்து, கறை ஆழமாக இருந்தால் நைஸ் வாட்டர் பேப்பரால், ஈரத்தோடேயே, ஒரே திசையில் தேய்க்க வேண்டும். ஈரமாகத் தேய்த்தால் தூள் பறக்காது. பிறகு மெட்டல் பாலிஷ் தடவி, பழைய பனியன் துணியால் துடைத்தால் துணி கறுக்கக் கறுக்க உலோகம் வெளுக்கும். மெஷின் வைத்துப் பஃப் அடிப்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சில மாடல்களில் மெக்னீசியம் கலந்த உலோகம் உண்டு. அதன் தூள் தீப்பற்றிக்கொள்ளும்.

1936-ல் ஹென்றி ட்ரைஃபஸ் வடிவமைத்த ஹூவர் 150 மாடலில் பேக்லைட் மூடி. பேக்லைட்டில் உப்புத்தாள் படக் கூடாது. தண்ணீரில் ஊறப் போடவும் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, உலர்த்தி, கொஞ்சம் மெழுகு பாலிஷ் போட்டால் போதும். 1937-ல் லுரெல் கில்ட் வடிவமைத்த எலெக்ட்ரோலக்ஸ் மாடல், பனிச்சறுக்கு வண்டி போலச் சறுக்குச் சட்டங்களில் நிற்கும். அதிலுள்ள குரோமியப் பூச்சைச் சுரண்டினால் போனது போனதுதான். பெயின்ட் அடித்த பாகங்களைச் சுரண்டவே வேண்டாம்; அந்தப் பெயின்ட்டிலும் ஈயம் இருக்கலாம். பெயர் எழுதிய பட்டைகளையும் எழுத்துகளையும் அழியாமல் அப்படியே விடுவதுதான் அழகு. தழும்பு இருந்தால் இருக்கட்டுமே! நம் பாட்டியின் வெண்கலப் பானைக்கு நெளிவு இல்லையா?

இன்னும் ஒன்று. எவ்வளவு நன்றாகப் புதுப்பித்தாலும், குழந்தை இருக்கும் அறையை இந்த மெஷினால் சுத்தம் செய்ய வேண்டாம். பழைய துணிப் பை பெரிய குப்பையைப் பிடிக்கும். மிக நுண்ணிய தூசியைத் திரும்ப அறைக்குள்ளேயே ஊதிவிடும். அறைக்கு ஹெப்பா ஃபில்டர் வைத்த புது மெஷினும் ஈரத் துணியும் போதும். இதுவரை வீட்டுக்குள் வைத்தே பிரித்திருக்கிறார் என்றாலும், வீடே 1978-க்கு முந்தியது என்றாலும், குழந்தை டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டுமா என்று அவர் சொல்வார். கீழ் அறைத் தரையை ஒருமுறை ஈரத் துணியால் துடைத்துவிடச் சொல்லுங்கள். விளக்குமாறு வேண்டாம்.

ஊருக்கு வரும்போது ஞாபகமாக ஒன்று கொண்டு வரலாம் என்று ஆசைப்பட்டால், அங்கே 120 வோல்ட், இங்கே 230 வோல்ட் என்பதை மறக்காதீர்கள். நேராகச் சொருகினால் மோட்டார் புகைந்துவிடும். தகுந்த டிரான்ஸ்பார்மர் வேண்டும்.

கடைசியாக, சகோதரி, மாப்பிள்ளை ஒன்றைத் தேய்த்து முடித்ததும் கிட்டே போய்ப் பாருங்கள். "இது எந்த வருஷத்து மெஷின், மாப்பிள்ளை?" என்று கேளுங்கள். அவர் சந்தோஷமாகச் சொல்லுவார். கேட்டு முடித்ததும், "கை கழுவிட்டு வாங்க, பேரன் முழிச்சுண்டிருக்கான்" என்று சொல்லுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.