காற்றோடு போன கவிராயர்

சென்ற வாரம் நம் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர் பதினெண்மருக்கு ஈழத்து இலக்கியம் பற்றிச் சிறு சோதனையொன்று வைத்தோம். சில்லையூர் செல்வராசனைப் பற்றிக் குறிப்பு வரைக என்பது அதில் ஒரு வினா. எழுவர் ஒன்றும் எழுதவில்லை. ஏனைய பதினொருவர் விடையும் ஏறத்தாழ ஒன்றே: ‘ஈழத்தில் தமிழ் நாவல் வளர்ச்சி’ என்னும் நூலை 1967ஆம் ஆண்டில் வெளியிட்டவர். விடையிற் பிழையில்லை, புள்ளியும் வழங்கினோம். ஆயினும் வழங்கிய கை கூசியது. அம்மாணவர்க்கு அவ்வளவே சொல்லிக்கொடுத்தவர் நாமன்றோ!

யாழ்ப்பாணத்துச் சில்லாலை என்னும் ஊரில் 1933ஆம் ஆண்டு பிறந்தவர் செல்வராசன். ஊர்ப்பெயரையே தம் பெயரின் முன்னொட்டாக்கிக்கொண்டார். பத்திரிகையாசிரியர், கவிஞர், திறனாய்வாளர், மேடை நடிகர், வானொலி நாடகாசிரியர், விளம்பர எழுத்தாளர், திரைப்பட நடிகர் என அவர் புகாத துறை அரிது. ‘பல்கலை வேந்தர்’ என்று மக்கள் அவரை அழைத்தனர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபரில் மறைந்தார். இத்தனையும் செய்த ஒருவருக்கு நம் இலக்கிய வரலாறுகள் ஒதுக்கும் இடம் ஓரிரு வரிகளே. அவ்வரிகளும் அச்சில் வந்த நூலைப் பற்றியவை. ஒலியில் வாழ்ந்த செல்வராசனுக்கு அங்கே இடமில்லை.

‘பல்கலை வேந்தர்’ என்ற பட்டத்தை நம்மவர் சொல்லும் முறையையும் சற்றுக் கவனிக்கவேண்டும். பொதுமக்கள் வாயில் அது வாழ்த்து. புலவர் கூட்டத்திலோ அதே சொல் ஒரு சிறுநகையோடு வரக் கேட்டிருக்கிறோம். பலவற்றைத் தொட்டவர் எதிலும் ஆழங்காணார் என்பது அந்நகையின் பொருள். இயல், இசை, நாடகம் என்று முத்தமிழ் பேசாத மேடை நமக்கில்லை. அம்மூன்றும் ஒருவரிடத்தில் உண்மையாகவே கூடிவந்தால் மட்டும் ஏனோ ஐயுறுகிறோம்.

அவர் ‘தான்தோன்றிக் கவிராயர்’ என்ற புனைபெயரிலும் எழுதினார். இப்பெயரைச் சொன்னால் பண்டிதர் சிலர் முகஞ்சுளிப்பர். அவர்க்கு ஒன்று நினைவூட்டுவோம். மெய்ப்பாடுகள் எட்டையும் வகுத்த தொல்காப்பியர் நகையையே முதலில் வைத்தார். அது பிறக்கும் நிலைக்களங்களில் எள்ளலை முன்னிறுத்தினார். காளமேகப் புலவரின் குறும்பை இன்றும் வகுப்பிற் சொல்லி மாணவரைச் சிரிக்கவைக்கிறோம். ஐந்நூறு ஆண்டு கழிந்தால் குறும்பும் இலக்கியமாகிவிடுகிறது. நம் காலத்தவர் செய்தால் அது வேடிக்கை! செல்வராசனின் தீவிரமான கவிதைகளைவிட அங்கதப் பாட்டுகளே உயர்ந்தவை என்பது நம் துணிபு. சிரிக்கவைக்கும் அடியில் ஒரு சீர் பிசகினாலும் சிரிப்பு வராது. கவியரங்குகளில் அவர் இசையோடு பாடிக் கவிதை சொல்வார். குரல் எங்கே தாழவேண்டும், எங்கே ஒரு கணம் நின்று சபையைத் தவிக்கவிட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கைவந்திருந்தன. அச்சிட்ட தாளில் அந்த நிறுத்தம் இல்லை.

அவருடைய ‘தணியாத தாகம்’ திரைப்படச் சுவடியாகப் பிறந்து, எழுபதுகளில் மக்கள் வங்கியின் ஆதரவில் வானொலித் தொடர் நாடகமாக வளர்ந்தது. யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் கதை. பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சு. அவர் துணைவியார் கமலினியும் அதில் நடித்தார். தென்புலோலியூர் மு. கணபதிப்பிள்ளை என்னும் தமிழறிஞரின் மகளார் அவர், 2015இல் மறைந்தார். இவ்விருவரையும் 1976இல் வெளிவந்த ‘கோமாளிகள்’ திரைப்படத்திலும் கண்டோம். மரைக்கார் இராமதாஸ், அப்புக்குட்டி இராஜகோபால், உபாலி செல்வசேகரன் என வானொலியிற் பெற்ற பெயரோடேயே நடிகர் அறியப்பட்ட காலம் அது.

அந்தக் காலத்தில் நாம் எட்டு, ஒன்பது வயதுச் சிறுவர். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடைப்பட்ட தோட்டமொன்றில் நம் லயத்தின் பத்துக் காம்பிராவுக்கும் வானொலிப் பெட்டி ஒன்றுதான். பட்டரியை வெயிலில் வைத்து உயிர் கொடுப்பர். மூடுபனி இறங்கும் மாதங்களில் வெயிலும் கிடையாது. மாலையிற் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் கூடையை இறக்காமலே வாசலில் நின்று கேட்டதுண்டு. 1974ஆம் ஆண்டுப் பஞ்சம் அகலாதிருந்த நாட்கள். அடுத்த ஆண்டு தோட்டங்கள் அரசுடைமையாயின. நாளை என்னாகுமோ என்று எவர்க்கும் தெரியவில்லை. ஆயினும் அந்தப் பெட்டியின்முன் சிரிப்பு இருந்தது. திருச்சியும் சேலமும் மதுரையும் கலந்த பேச்சில் வளர்ந்த பிள்ளைகள், யாழ்ப்பாணத்தைக் கண்ணாற் காணாதவர்கள், “என்ன கதைக்கிறியள்?”, “எனக்கு விளங்கேல்லை” என்று நாடகம் போட்டு விளையாடினோம். ஒருநாள் வகுப்பில் அப்படியே விடை சொல்லி ஆசிரியரிடம் அடியும் வாங்கினோம். வடக்கும் மலையகமும் ஒன்றையொன்று அறியவேண்டும் என்று மேடைகளிற் பேசுவது எளிது. அதை அரைமணி நேர நாடகமொன்று ஓசையின்றிச் செய்துகொண்டிருந்தது. நம் தோட்டத்துப் பேச்சு அதே அளவில் வடக்கின் வீடுகளுக்குச் செல்லவில்லையே என்னும் குறை நமக்குண்டு. அது வேறு வழக்கு. பிறிதொரு நாள் பேசுவோம்.

செல்வராசனிடம் குறையில்லை என்போமல்லேம். துறைக்குத் துறை தாவியதால் ஆறி அமர்ந்து எழுதவேண்டிய சில எழுதப்படாமற் போயின. நாவல் வரலாற்றைத் தொடங்கிவைத்த கை அதே துறையில் மேலும் பெரிய நூல்களைத் தந்திருக்கலாம். விளம்பரத்துக்கு வரி எழுதிய நேரத்தில் ஒரு காவியம் எழுதியிருக்கலாம் என்று வருந்துவாரும் உளர். நாம் அவ்வளவு தூரம் போகமாட்டோம். அவர் பயின்ற கலைக்கு நேயர் வேண்டும், உடனே வேண்டும். பத்தாண்டு பெட்டியில் வைத்துத் திருத்தும் கலையன்று அது.

உடனே பிறந்து உடனே மறையும் அக்கலையைப் பின்வருவோர்க்கு எங்ஙனம் வைத்துச் செல்வது? நாம் கவல்வது இதனையே. இலண்டன் பி.பி.சி. நிறுவனமே அறுபது, எழுபதுகளில் நாடாச் செலவைக் கருதியும் பிறவற்றாலும் தன் நிகழ்ச்சிகள் பலவற்றை அழித்தது. பின்னர் நேயர் தம் வீடுகளில் பதிந்துவைத்திருந்த நாடாக்களிலிருந்து சிலவற்றை மீட்டுக்கொண்டது. செல்வம் மிக்க நாட்டிலேயே நிலை இதுவாயின் நம் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ! சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்டத்துப் பாடல்களைத் தொகுத்துத் தந்தமையால் சொற்களேனும் பிழைத்தன. பாடிய கிழவிகளின் மெட்டு அவர்களோடு சென்றது. 2005இல் தொடங்கிய நூலகத் திட்டத்தார் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் ஏற்றிப் பெருந்தொண்டு செய்துவருகின்றனர், ஒலிப்பதிவுகளையும் சேர்க்கின்றனர். ஆனால் வீட்டுப் பரணிற் கிடக்கும் நாடாவை அவர் எவ்வாறு அறிவர்? கொடுக்கவேண்டியவர் நாமல்லமோ?

நம் குற்றத்தையும் ஒப்புவோம். எண்பதுகளில் வானொலிக் கவியரங்குகள் சிலவற்றை நாமே ஒலிநாடாவிற் பதிந்து தகரப் பேழையொன்றில் இட்டு வைத்திருந்தோம். எல்லவின் ஈரக்காற்றுக்குத் தகரம் தடையாகுமா? அண்மையில் திறந்தபோது ஆறு நாடாக்களில் நான்கு வெள்ளைப் பூஞ்சணம் பூத்துக் கிடந்தன. ஐந்தாவதில் நம் வீட்டார் திருமணப் பாட்டு ஒன்றை மேற்பதிந்திருந்தனர். ஆறாவது இன்னும் ஓடுகிறது; அதில் அவர் குரல் மூன்று நிமிடம் இருக்கிறது.

அம்மூன்று நிமிடத்தையும் மறுநாள் அதே வகுப்பில் ஒலிக்கச் செய்தோம். முதலில் மாணவர் நாடாவின் இரைச்சலைக் கேட்டுச் சிரித்தனர். பின்னர் அவர் சிரிக்கச் சொன்ன இடத்தில் சிரித்தனர். வினாவுக்கு விடை எழுதாத எழுவரில் ஒருத்தி, தன் பாட்டனார் வீட்டில் இத்தகைய நாடாக்கள் ஒரு பெட்டி நிறைய உண்டென்றும், அவற்றை வீசிவிடப்போவதாகப் பேச்சு நடக்கிறதென்றும் சொன்னாள். பண்டாரவளையில் பழைய ஒலிப்பதிவுக் கருவிகளைச் செப்பனிடும் கடையொன்று இன்னும் இருக்கிறது. வரும் சனிக்கிழமை பெட்டியோடு அங்கே போகிறோம்.