ஸ்பீக்கருக்கு ராகம் தெரியாது

"என்ன மாதிரி மியூசிக் சார் கேப்பீங்க?" ஹை-ஃபை கடையில் நுழைந்ததும் வரும் முதல் கேள்வி. அக்கறையாகத்தான் கேட்பார்கள். ஆனால் அங்கே கேட்கப்படுவதிலேயே மோசமான கேள்வி இதுதான் என்பேன்.

ஏழெட்டு வருடம் முன்பு நானும் பதில் சொன்னேன். "கர்நாடக சங்கீதம், அதிகமா வாய்ப்பாட்டு." "அப்ப இதுதான் சார், வோக்கலுக்குன்னே செஞ்சது" என்று ஒரு ஜோடியைத் தலையில் கட்டினார்கள். குரல் பளிச்சென்று வந்தது. நாகஸ்வரமோ காதைக் கிழித்தது, தவில் தகர டப்பாவாக ஒலித்தது. நாகஸ்வரம் கோயில் பிராகாரத்தில் கேட்க வேண்டியது, வீட்டுக்கு ஒத்துவராது என்றே இரண்டு வருடம் நம்பினேன். நண்பன் வீட்டில் அதே பதிவை வேறு ஸ்பீக்கரில் கேட்டபோது வெட்கமாகிவிட்டது. பிறகு மைக் வைத்து அளந்து பார்த்தேன். 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு. எனக்கு 'தெளிவு' என்று விற்றது அந்த மேட்டைத்தான்.

ஸ்பீக்கருக்கு ராகமும் தெரியாது, ராக்கும் தெரியாது. உள்ளே போகும் மின்சார ஏற்ற இறக்கத்தை அப்படியே காற்றில் எழுப்புவதுதான் அதன் வேலை. தன் பங்குக்குச் சர்க்கரை போடுகிற கரண்டி பாயசத்துக்குச் சரி, ரசத்துக்கு?

"ரசனை ஆளுக்கு ஆள் மாறுமே?" இசையில் மாறும். ஃப்ளாய்ட் டூல் 1980களில் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்துவைத்து, கேட்பவர்களை மதிப்பெண் போடச் சொன்னார். பெயரும் விலையும் தெரியாதபோது, பெரும்பாலும் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள்: மேடு பள்ளம் குறைவாக, சீராக ஒலிப்பவற்றின் பக்கம்.

வித்தியாசமே இல்லை என்று சொல்லவில்லை. பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். சின்னப் பெட்டிகள் பெரும்பாலும் அவ்வளவு கீழே இறங்காது. இளையராஜாவின் பேஸ் முழுதாக வேண்டுமென்றால் பெரிய பெட்டியோ சப்வூஃபரோ தேவை. அறையும் முக்கியம். 10 அடி நீள அறை 56 ஹெர்ட்ஸ் பக்கம் தானே முழங்கும். எந்த ஸ்பீக்கரை வைத்தாலும் முழங்கும். ஆகவே கேட்க வேண்டியது: அறை எவ்வளவு பெரிசு? எவ்வளவு தள்ளி உட்காருவீங்க? எவ்வளவு சத்தமா கேப்பீங்க?

இன்றைய ரசனைக்கு அளவெடுத்துத் தைத்த ஸ்பீக்கர், நாளைக்குப் பிடிக்கப்போகிற இசையை வாசலிலேயே நிறுத்திவிடும். தப்பு இசையின் மேல்தான் என்றும் நம்பவைக்கும். என் இரண்டு வருட நாகஸ்வரம் அப்படித்தான் போனது.

அடுத்த முறை கேட்டால், "எல்லாம் கேப்பேன்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, உங்களுக்குப் பிடிக்காத பதிவு ஒன்றையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.